அடிக்கூட்டில் இருந்த எண்



வலிமிகும் இடங்கள், கட்டுரைப் பயிற்சி, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இன்று மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சாருக்கு என்ன ஆயிற்று என்று எண்ணிவிடாதீர்கள். பதினாறு, பதினேழு வயது ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு எழாமல் இருக்க வழியில்லை. எங்கள் வீட்டிலும் எழுந்தது. 'விசையுந்து' என்றே எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் செனாய் கடைத்தெருவில் அப்படிச் சொன்னால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதால், மக்கள் வழங்கும் சொல்லையே இங்குக் கையாள்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு பழைய வண்டிகள் உண்டு. ஒன்று, என் வீட்டுப் பின்கட்டில் நிற்கும் யமஹா ஆர்.எக்ஸ்.இசட். 1995-இல் பணியில் சேர்ந்த கையோடு தவணையில் வாங்கியது. மற்றொன்று, என் தம்பி வீட்டு வரவேற்பறையில் நிற்கும் யமஹா 125 இசட்.ஆர். 2015-இல் வாங்கியது. தம்பியின் வண்டி இன்றுவரை நாற்பது கிலோமீட்டர்கூட ஓடியதில்லை. இருக்கையின் மேல் கடைக்காரர் போட்டுக் கொடுத்த நெகிழித்தாள் அப்படியே இருக்கிறது. அவன் மனைவி விளக்கேற்றும் மாடத்திற்கும் அந்த வண்டிக்கும் இடையே இரண்டடி தூரம்தான். விருந்தினர் வந்தால் முதலில் எதைக் கும்பிடுவது என்று குழம்பிப்போவார்கள்.

எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த என் மகன் ஒருநாள் கேட்டான்: "அப்பா, இந்த ரெண்டுல எது ஒசத்தி?"

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். நான் ஆசிரியன் அல்லவா? பாடமாகவே நடத்திவிட்டேன்.

முதலில் வரலாறு. ஆர்.எக்ஸ்.இசட் 1985-இல் வெளிவந்து, 2011 வரை, அதாவது ஏறத்தாழ கால் நூற்றாண்டு, நம் சாலைகளில் புதிதாக இறங்கிக்கொண்டே இருந்தது. 133 சிசி கொள்ளளவு, காற்றால் குளிரும் ஒற்றை உருளை. தமிழ்நாட்டில் என் தலைமுறையினர் கொண்டாடும் ஆர்.எக்ஸ். 100-உம் அதே 1985-இல்தான் இந்தியச் சாலைக்கு வந்தது, 1996-இல் நின்றுபோனது. சென்னைக்குச் சென்றிருந்தபோது ஒரு தெருமுனையில் அந்த வண்டியின் ஒலி கேட்டு, குளுவாங்கில் இருக்கிறேனா கோடம்பாக்கத்தில் இருக்கிறேனா என்று ஒரு நொடி தடுமாறியிருக்கிறேன். அண்ணன் தம்பி குரல் அல்லவா!

125 இசட் பின்னால் வந்தது, 1998-இல். நம் ஊர்ப் பேச்சில் 'கப்சாய்' எனப்படும் சிறுவண்டி வகை. அதன் பின்வந்த வடிவமே 125 இசட்.ஆர். 124 சிசிதான் என்றாலும் தண்ணீரால் குளிரும் இயந்திரம், கையால் இயக்கும் கிளட்ச், ஆறு கியர், இரு சக்கரங்களுக்கும் வட்டத்தட்டு பிரேக். அது வெளிவந்த அதே ஆண்டில்தான் பாசிர் கூடாங் ஓட்டத்தளத்தில் உலக மோட்டார் சைக்கிள் போட்டி நடைபெற்றது. செனாயிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் உலக வீரர்கள் வந்து ஓட்டிவிட்டுப் போனார்கள். 1994 முதல் 'கப் பிரி' பந்தயங்களும் நாடெங்கும் நடந்துவந்தன. அதனால், காலையில் அம்மாவைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் கப்சாயையே மாலையில் பந்தயக் குதிரையாகப் பார்க்கும் கண் எங்கள் வட்டாரப் பையன்களுக்கு இயல்பாகவே வாய்த்துவிட்டது.

இரண்டும் 'டூ ஸ்ட்ரோக்' எனப்படும் இருவீச்சு இயந்திரங்கள். இன்றைய வண்டிகளின் நால்வீச்சு இயந்திரத்தில் உள்தண்டு இரண்டு முறை சுற்றினால் ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கும். இருவீச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகவேதான் இத்தனை சிறிய இயந்திரத்தில் அத்தனை வேகம். ஆனால் அந்த வேகம் சீராக வருவதில்லை. குறைந்த சுழற்சியில் சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, ஒரு குறிப்பிட்ட சுழற்சியைத் தொட்டதும் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்டதுபோலப் பாயும். புகைக்குழாயின் வயிறு பருத்திருப்பதற்கும் காரணம் உண்டு. வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்த வயிற்றில் மோதித் திரும்பிவந்து, எரியாமல் தப்பியோடும் கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளிவிடும். அலை திரும்பும் நேரமும் இயந்திரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகும் இடத்தில்தான் அந்தப் பாய்ச்சல். இதை வெண்பலகையில் வரைந்தால் கடைசி வரிசை மாணவன்கூட நிமிர்ந்து உட்காருவான். நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே எரிவதால்தான் அந்த நீலப்புகையும் மணமும். அந்தப் புகையே இவ்வகை வண்டிகளுக்கு எமனாகவும் அமைந்தது.

சரி, எது ஒசத்தி? நேர்ச்சாலையில் முதல் பாய்ச்சலுக்கு ஆர்.எக்ஸ்.இசட்தான் என்பது என் கருத்து. ஏறத்தாழ 20 குதிரைத்திறன். தம்பியின் வண்டிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் ஆயர் ஹீத்தாம்வரை ஒரே மூச்சில் விரட்டினால் கதை மாறும். காற்றால் குளிரும் இயந்திரம் நம் வெயிலில் மெல்லச் சோர்ந்துவிடும். தண்ணீர்க் குளிர்ச்சி உள்ளது சோராது. வளைவில் இசட்.ஆர். உறுதியாக நிற்கும். நிறுத்தத்திலும் அதுவே மேல், ஆர்.எக்ஸ்.இசட்டின் பின்சக்கரத்தில் பழைய உருளை பிரேக்தான். ஓட்டத்திற்கு இசட்.ஆர்., ஆசைக்கு ஆர்.எக்ஸ்.இசட் என்று தீர்ப்பளித்தேன்.

"வெலைக்கு?" என்றான் மகன்.

இதில் அவனே எனக்கு ஆசிரியனானான். அமெரிக்கக் கார் ஏலங்களைக் காணொளியில் பார்த்துப் பார்த்து ஊறியவன். 1964-இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தரக் கார் ஒன்றில் பெரிய காரின் 6.4 லிட்டர் இயந்திரத்தை வைத்து 'ஜி.டி.ஓ.' என்று விற்றதாம். அதிலிருந்துதான் அங்கே 'மசில் கார்' என்னும் முரட்டுக் கார்களின் காலம் சூடுபிடித்தது. இளைஞர்கள் வாங்கும் விலையில் வேகம். பிறகு காப்புறுதிக் கட்டணம் ஏறியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அந்தக் காலம் முடிந்தது. முடிந்த பிறகுதான் விலை ஏறத் தொடங்கியது. 1971-ஆம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா என்னும் திறந்த கார் 2014-இல் 35 இலட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனதாம். அவ்வகையில் செய்யப்பட்டவையே மொத்தம் பதினொன்றுதானாம்.

"நம்ம டூ ஸ்ட்ரோக்கும் அதே கதைதாம்பா. இனிமே செய்யமாட்டாங்க. அதான் வெல," என்றான். மறுக்க முடியவில்லை. 2015-இல் ஒய்15 இசட்.ஆர். என்னும் நால்வீச்சு வண்டி வந்து, கப்சாய்ப் பையன்களின் மனத்தில் இசட்.ஆரின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஓடாத பழைய இசட்.ஆர். பொன்னாகிவிட்டது. தம்பிக்கு ஒருவர் 28,000 வெள்ளி தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியின் பெருமை வேகம். அந்த வேகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் விலை விழுந்துவிடும். ஒவ்வொரு கிலோமீட்டரும் நட்டம். என் தம்பி ஆறு கியர் வண்டி வாங்கி மூன்றாம் கியருக்கு மேல் போகாத மனிதன்.

ஆர்.எக்ஸ்.இசட் அப்படியல்ல. ஓடி ஓடித் தேய்ந்ததும் மதிக்கப்படும். 2024-இல் திரங்கானுவில் நடந்த ஆர்.எக்ஸ்.இசட் அன்பர்கள் ஒன்றுகூடலுக்கு நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான வண்டிகள் போய்ச் சேர்ந்தன. போகும் வழியில் விபத்துகளில் உயிர்களும் போயின. ஆனால் சேகரிப்பாளர் கேட்பது தேய்மானத்தை அன்று. மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: அமெரிக்கக் கார் ஆனாலும் நம் ஆர்.எக்ஸ்.இசட் ஆனாலும் முதலில் பார்ப்பது எண்களைத்தான். சட்டத்தில் அடித்த எண், இயந்திரத்தில் அடித்த எண், பதிவு அட்டையில் உள்ள எண் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்கிறதா என்பதற்கு அதுவே சான்று.

அவன் இதைச் சொன்னபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

மகனுக்கு வாகனப் பொறியியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்தது. முதல் பருவக் கட்டணத்திற்கு ஆர்.எக்ஸ்.இசட்டை விற்றுவிடலாம் என்று என் மனைவி சொன்னார். மகன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு மட்டும் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பத்து பகாட்டிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். 15,000 வெள்ளிவரை போகலாம் என்று தொலைபேசியிலேயே சொல்லியிருந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றி வந்தார். எண்ணெய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, இயந்திரத்தின் அடிக்கூட்டைத் துணியால் துடைத்து, கைவிளக்கு அடித்து எண்ணைப் படித்தார். 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் பதிவு அட்டையைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"நொம்போர் தா சாமா, சிக்கு," என்றார். எண் ஒத்துவரவில்லை.

மகன் என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்திருக்கிறேன்.

அன்பர்களே, நான் பள்ளிச் சபைகூடலில் சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசி வருபவன். 'மாட் ரெம்பிட்' ஆகிவிடாதீர்கள் என்று எத்தனையோ மாணவர்களை உட்காரவைத்து அறிவுரை சொல்லியிருக்கிறேன். 1997-இல், பணி உறுதிப்படுத்தப்படாத புது ஆசிரியனாக இருந்தபோது, சனிக்கிழமை இரவுகளில் விமான நிலையச் சாலையில் பந்தயம் ஓட்டியவர்களில் நானும் ஒருவன். இதை என் மனைவிக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

வேகம் போதவில்லை என்று புகைக்குழாயை மாற்றினேன். அதை மாற்றினால் எரிபொருளின் அளவையும் கூட்ட வேண்டும். கார்புரேட்டரில் துளை பெரிதான ஜெட் போட வேண்டும். சம்பளம் வரட்டும் என்று தள்ளிவைத்தேன். காற்று மிகுந்து எரிபொருள் குறைந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடேறும். பிஸ்டன் விரிந்து உருளையைக் கவ்விக்கொள்ளும். 'இஞ்சின் ஜாம்' என்பார்களே, அதுதான். முழு வேகத்தில் போகும்போது பின்சக்கரம் சட்டென்று பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் நான் விழவில்லை, தள்ளாடி நின்றேன். பின்னால் வந்தவன் என்மேல் மோதாமல் இருக்கத் திருப்பினான். அவன் தோட்டத்தில் என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவன். ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. தகடு வைத்தார்கள். தொழிற்சாலை வேலை போயிற்று. மருத்துவமனையில் அவன் அப்பாவிடம், "நாய் குறுக்கே வந்துருச்சுப்பா," என்று சொன்னான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பணி உறுதியாகவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்த நாயை இத்தனை ஆண்டுகளாக நானும் வளர்த்து வந்திருக்கிறேன்.

என் வண்டியில் இணைப்புத் தண்டு முறிந்து அடிக்கூட்டையே உடைத்திருந்தது. ஜொகூர் பாருவில் பழைய உதிரிப்பொருள் விற்கும் ஒருவரிடம் வேறோர் அடிக்கூடு வாங்கிப் பொருத்தினேன். எண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பதிவு இலாகாவில் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்வி வருமே! அந்த அடிக்கூடு எந்த வண்டியிலிருந்து வந்தது, அது யாருடைய வண்டி, விற்றதா திருடியதா, ஒன்றும் அறியேன். ஆர்.எக்ஸ்.இசட்டுகள் அந்நாளில் எவ்வளவு களவு போயின என்பது நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை காலையில் எழுந்து வாசலைப் பார்த்துத் திகைத்திருக்கலாம். அந்த இயந்திரத்தில் ஏறித்தான் நான் பள்ளிக்குப் போய் நன்னெறிப் பாடம் நடத்தினேன்.

சேகரிப்பாளர் நல்ல மனிதராகவே தெரிந்தார். உதிரிப்பொருளுக்காக என்றால் 4,000 தருவதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, பழைய எண்ணைத் தேய்த்துவிட்டு அட்டையில் உள்ள எண்ணை அடித்துக் கொடுக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார், அதன் பிறகு பேசிய விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அது குற்றம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உடனே மறுத்தேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு நாள் கேட்டுத்தான் வாங்கினேன்.

அன்று இரவு தம்பி தொலைபேசியில் பேசினான். "அண்ணே, ஊர்ல பாதி வண்டி அப்படித்தான். பய படிப்புக்குத்தானே? ஒனக்கு என்ன?" என்றான். அதில் நியாயம் இருப்பதுபோலவே பட்டது. பதினோராயிரம் வெள்ளி வித்தியாசம் என்பது ஓர் ஆசிரியர் வீட்டில் சிறு தொகை அன்று. படுக்கையில் புரண்டுகொண்டிருந்தேன். பின்கட்டில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் மகன் வண்டியருகே உட்கார்ந்து அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டிருந்தான்.

"இது யாரோட இஞ்சின்பா?"

உட்கார்ந்து சொன்னேன். பந்தயம், புகைக்குழாய், போடாத ஜெட், இல்லாத நாய், எல்லாவற்றையும். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் பேசித் தழும்பேறிய நாக்கு ஒரு பையன் முன்னால் குழறியது. அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிவில் ஒன்றே ஒன்று கேட்டான்: "அங்கிள்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

கேட்டதில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பலகாரம் கொடுத்திருக்கிறேன். அவன் மகளுக்கு இலவசமாக டியூஷன் எடுத்திருக்கிறேன். அதைக் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் பத்து பகாட்டுக்காரருக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். கட்டணத்திற்குக் கூட்டுறவுக் கழகத்தில் கடன் விண்ணப்பம் போட்டாயிற்று. அடுத்த வாரம் அந்த எண்ணையும் பதிவு அட்டையையும் எடுத்துக்கொண்டு இலாகாவிற்குப் போவதாக இருக்கிறேன். இயந்திரம் வாங்கியதற்குச் சான்று கேட்பார்கள். என்னிடம் துண்டுச்சீட்டுகூட இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை அது சாலையில் இறங்காது. மகன் வாசலுக்கு வெளியே அதை ஓட்டியதில்லை, இனியும் ஓட்டப்போவதில்லை.

கூலாயில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் நண்பனை ஞாயிற்றுக்கிழமை வீட்டிற்கு அழைத்தேன். தேநீர் ஆறும்வரை என்னால் ஆரம்பிக்க முடியவில்லை. பிறகு சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. நெடுநேரம் வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கப்பா சாவுற வரைக்கும் தெருநாயக் கண்டா கல்லெடுத்து அடிப்பாருடா," என்றான். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

கிளம்பும்போது, வண்டியைப் பார்க்க வேண்டும் என்றான். பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். இருக்கையில் ஏறி உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தான். உதைத்துக் கிளப்பும் கட்டை இந்த வண்டிக்கு வலப்பக்கம். அவன் காலை வைத்துப் பார்த்தான், முட்டி மடங்கவில்லை. மகன் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் வந்து நின்று, கையால் கட்டையை விரித்து, ஓங்கி ஒரு மிதி மிதித்தான். இரண்டாவது மிதியில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுதும் புகை. நண்பன் எக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்கினான்.

"ஜெட் போட்டுட்டியா?" என்று அந்த இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டான்.

போட்டுவிட்டேன் என்று தலையசைத்தேன்.